வரம்பைத் தாண்டாத எண்: கண் மெலனோமா அறுவையும் பிந்தைய ரத்தப் பரிசோதனையும் – ஒரு நிகழ்வு ஆய்வு

பலகையின் ஓரம் நேராக இருக்கிறதா என்று பார்க்க, தச்சர் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மற்றக் கண்ணால் அதன் நீளத்தை நோட்டம் விடுவார். இந்த நோயாளி தன் நோயை, அதாவது கண்ணுக்குள் நிறமிச் செல்களில் எழும் புற்றான மெலனோமாவை, கண்டுபிடித்தது அப்படித்தான். வலது கண்ணால் பார்க்கும்போது, மூக்குப் பக்கம் மேல் மூலையில் பலகை மங்கிப்போனது. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் எந்தக் குறையும் தெரியவில்லை. அந்த மூலையை இடது கண் ஈடுகட்டிக்கொண்டிருந்தது. வேறு தொழிலில் இருந்திருந்தால் இன்னும் ஆறு மாதம் கழித்துத்தான் வந்திருப்பார்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர் தனி ஒருவர் அல்லர். ஒரே போக்கில் செல்லும் பல நோயாளிகளின் அனுபவத்தைச் சேர்த்து ஒரே ஆளாக்கியிருக்கிறேன். அளவுகளும் தேதிகளும் அப்படிச் சேர்த்தவையே. மருத்துவ முடிவுகளும் அவற்றுக்கான காரணங்களும் நடைமுறையில் உள்ளவை.

வந்த நாள்

வயது 57. நிழல் தெரியத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. இருட்டில் எப்போதாவது ஓரத்தில் மின்னல் வெட்டுவது போல ஒளி. வலியோ சிவப்போ இல்லை. "கண்ணாடி பவர் மாறியிருக்கும்னு நெனச்சேன் டாக்டர்" என்றார். பார்வை வலது கண்ணில் 6/18, இடதில் 6/6. கண்ணழுத்தம் இரண்டிலும் சரியாக இருந்தது.

முதல் துப்பு கண்ணுக்கு வெளியிலேயே கிடைத்தது. வலது கண்ணின் வெள்ளைப் பகுதியில், கீழ் வெளிமூலையில், ஒரே ஒரு ரத்தக்குழாய் மட்டும் புடைத்து வளைந்து ஓடியது. பக்கத்தில் இருந்த குழாய்களெல்லாம் இயல்பாக இருந்தன. இதைக் காவல் நாளம் என்போம். கண்ணுக்குள், கருவிழிக்குப் பின்னால் இருக்கும் சிலியரித் தசைப் பகுதியில் ஏதோ ஒன்று ரத்தத்தை இழுத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு வெளியே தெரியும் அடையாளம் அது. கண்ணில் உறுத்தல் என்று வருபவர்களிடம் இதைச் சாதாரணச் சிவப்பு என்று நினைத்துச் சொட்டு மருந்து கொடுத்து அனுப்பிவிடுவது எளிது. கண் பாப்பாவை, அதாவது நடுவிலுள்ள கரிய துளையை, விரித்து உள்ளே பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

விரித்துப் பார்த்ததில், கீழ் வெளிப்புறத்தில் பழுப்பு நிறத்தில் உருண்டு எழுந்த கட்டி. அதன் மேல் விழித்திரை பிரிந்து, அடியில் நீர் கோத்திருந்தது. பி-ஸ்கேன் அல்ட்ராசவுண்டில் காளான் வடிவம்: அடியில் அகலம், நடுவில் இடுப்பு, மேலே குடை. விழித்திரைக்கு அடியில் உள்ள புரூக் சவ்வைக் கட்டி கிழித்துக்கொண்டு மேலே வரும்போது இந்த வடிவம் உண்டாகிறது. கிழிசலின் விளிம்பு இடுப்பாக இறுக்கிப்பிடிக்க, தாண்டிய பகுதி விரிந்துகொள்ளும். கட்டியின் உயரம் 12.4 மில்லிமீட்டர், அடிப்பகுதி அகலம் 17 மில்லிமீட்டர். விழிக்கோளத்தின் குறுக்களவே சுமார் 24 மில்லிமீட்டர்தான்.

எதிரொலியின் உயரத்தை அளக்கும் ஏ-ஸ்கேனில் கட்டிக்குள் எதிரொலி தாழ்வாக இருந்தது. ரத்தநாளக் கட்டியாக இருந்தால் எதிரொலி உயர்ந்திருக்கும். நுரையீரலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ பரவி வந்த புற்றாக இருந்தால் பெரும்பாலும் தட்டையாக, சில சமயம் பல இடங்களில் இருக்கும். சரி, பயாப்சி? இந்த அளவுக்குத் தெளிவான தோற்றம் இருந்தால் நோயறிதலுக்கென ஊசியால் திசு எடுக்கத் தேவையில்லை. அமெரிக்காவில் 1980களில் தொடங்கிய கூட்டுக் கண் மெலனோமா ஆய்வில், தோற்றத்தையும் அல்ட்ராசவுண்டையும் மட்டும் வைத்து மெலனோமா என்று சொல்லி அகற்றிய கண்களில் 99 சதவீதத்துக்கு மேல் அது மெலனோமாவாகவே இருந்தது. படம் பார்த்தே இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிற புற்றுநோய்கள் அதிகம் இல்லை.

ஆக, யூவியல் மெலனோமா; கண்ணின் நடு அடுக்கான யூவியாவில் எழுவது. தோலில் வரும் மெலனோமாவின் பெயரைப் பகிர்ந்துகொண்டாலும் மரபணுவிலும் நடத்தையிலும் இது வேறு நோய். பெரியவர்களுக்குக் கண்ணுக்குள்ளேயே தொடங்கும் புற்றுகளில் இதுதான் முதலிடம், ஆனாலும் அரிது. வெள்ளை நிறத்தவர் மிகுதியாக உள்ள நாடுகளில் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஐந்தாறு பேருக்கு வருகிறது. ஆசியரிடம் இன்னும் குறைவு.

கண்ணை வைத்துக்கொள்ள முடியாதா?

அவர் கேட்ட முதல் கேள்வி இது. இரண்டாவது கேள்வியை அவர் மனைவி கேட்டார்: "கண்ணை எடுத்துட்டா நோய் மொத்தமா போயிடுமா?" இரண்டுக்கும் விடை ஒரே ஆய்வில் கிடக்கிறது. அதனால் அதைக் கொஞ்சம் விரித்தே சொன்னேன்.

1970கள் வரை கண்ணில் மெலனோமா என்றால் கண்ணை எடுப்பதுதான் வழக்கமான வழி. 1978-இல் சிம்மர்மேனும் அவருடன் இருந்தவர்களும் ஒரு சங்கடமான கேள்வியை எழுப்பினார்கள். கண்ணை அகற்றிய பிறகு சில ஆண்டுகளில் இறப்பு கூடுகிறதே, அறுவையின்போது கண்ணை அழுத்துவதால் செல்கள் ரத்தத்துக்குள் தள்ளப்படுகின்றனவா? அறுவை நிபுணர்கள் கலங்கிப்போனார்கள். விடை தேடத்தான் மேற்சொன்ன கூட்டு ஆய்வு தொடங்கப்பட்டது. நடுத்தர அளவுக் கட்டி உள்ள 1,317 பேரைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கண்ணை எடுத்தார்கள். மறுபாதிக்கு அயோடின்-125 கதிர்த்தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில் தைத்து, கண்ணைக் காப்பாற்றினார்கள். ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 81 சதவீதம், 82 சதவீதம். வேறுபாடு இல்லை. பெரிய கட்டி உள்ள 1,003 பேரில், கண்ணை எடுப்பதற்கு முன் கதிர்வீச்சு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் உயிர் பிழைப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

அறுவை நோயைப் பரப்புகிறது என்ற பயம் இதில் தணிந்தது. கூடவே இன்னொன்றும் தெளிவானது: கண்ணில் என்ன செய்கிறோம் என்பது கண்ணின் கதியைத் தீர்மானிக்கிறது, உயிரின் கதி பெரும்பாலும் அதற்கு முன்பே வேறிடத்தில் முடிவாகிவிடுகிறது. பின்லாந்து ஆய்வாளர்கள் பரவிய கட்டிகள் இரட்டிக்கும் வேகத்தை அளந்து பின்னோக்கிக் கணக்கிட்டபோது, விதைகள் கண் சிகிச்சைக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே கல்லீரலுக்குப் போயிருக்கக்கூடும் என்று வந்தது. விழிக்கோளத்துக்குள் நிணநீர்க் குழாய் கிடையாது. கட்டி வெளியேறுவதானால் ரத்தத்தின் வழியாகத்தான்.

இதைக் கேட்ட பிறகு அவர் சும்மா இருந்தார். மனைவிதான், "அப்போ எதுக்கு எடுக்கணும்?" என்றார். நியாயமான கேள்வி. விடை கட்டியின் அளவில் இருக்கிறது.

ருத்தேனியம்-106 தகட்டின் பீட்டா கதிர்கள் ஐந்தாறு மில்லிமீட்டர் உயரத்துக்குத்தான் போதும். அயோடின்-125 இன்னும் ஆழமாகப் போகும். ஆனால் 12 மில்லிமீட்டர் உச்சிக்குத் தேவையான அளவைக் கொடுத்தால், அடியில் இருக்கும் வெண்படலமும் (கண்ணின் வெள்ளை வெளிச்சுவர்) அக்கம்பக்கமும் வாங்கும் அளவு பல மடங்காகிவிடும். செத்த கட்டி கண்ணுக்குள்ளேயே கிடந்து நீர் கசியவிட்டு, புதுக் குழாய்களை முளைக்க வைத்து, கண்ணழுத்தத்தை ஏற்றி, கடைசியில் வலிக்கும் குருட்டுக் கண்ணாக மாற்றிவிடலாம். அப்புறம் அதையும் எடுக்கவேண்டி வரும். வெண்படலத்தில் கதவு திறந்து கட்டியை மட்டும் வெட்டியெடுக்கும் அறுவையும் உண்டு. ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த, மயக்கத்தில் ரத்த அழுத்தத்தை வேண்டுமென்றே வெகுவாகக் கீழே இறக்கிச் செய்வது அது. கைதேர்ந்த சில மையங்களில் நன்றாகச் செய்கிறார்கள். சிலியரிப் பகுதியில் இவ்வளவு அகலமாகப் பரவிய கட்டிக்கு அது சரிவராது என்பது என் தீர்ப்பு. வேறொரு நிபுணர் புரோட்டான் கதிரை முயன்று பார்த்திருக்கலாம். அவரைத் தவறு என்று சொல்லமாட்டேன்.

கண்ணை அகற்றுவது என்று முடிவாயிற்று. அதற்கு முன் கல்லீரல் எம்ஆர்ஐயும் மார்பு சிடியும் எடுத்தோம். இரண்டிலும் ஒன்றும் இல்லை. முதல் ரத்த மாதிரிகளையும் அப்போதே எடுத்துவைத்தோம்.

மேஜை மேல்

கண் அறுவையில் மிகப் பெரிய பிழை எது என்று பயிற்சி மருத்துவர்களைக் கேட்டால் ரத்தப்போக்கு, தொற்று என்று அடுக்குவார்கள். நல்ல கண்ணை எடுத்துவிடுவதுதான் அது. எனவே நெற்றியில் போட்ட குறி, ஒப்புதல் படிவம், கைப்பட்டை எல்லாம் பார்த்த பிறகும், மயக்கம் கொடுத்தபின் விரிந்த பாப்பா வழியாக உள்ளே பார்த்து, கட்டியை என் கண்ணால் கண்ட பிறகே கத்தியைத் தொடுவேன்.

கருவிழியைச் சுற்றி இமையிணைப் படலத்தை வட்டமாக வெட்டி, அதன் கீழ் இருக்கும் டெனான் உறையை விலக்கி, நான்கு நேர்த்தசைகளையும் ஒவ்வொன்றாகக் கொக்கியில் பிடித்தோம். உட்பக்கத் தசையை இழுத்ததும் மயக்க மருத்துவர், "விடுங்க" என்றார். நாடி 72-இலிருந்து 46-க்கு விழுந்திருந்தது. கண்ணை அழுத்தினால் இதயத் துடிப்பு தளரும் என்பதை 1908-இலேயே ஆஷ்னரும் டாக்னினியும் விவரித்திருக்கிறார்கள்; கண் தசையை இழுத்தாலும் அப்படித்தான். விட்டவுடன் நாடி தானாக ஏறியது; துடிப்பை ஏற்றும் அட்ரோபின் மருந்து தேவைப்படவில்லை. மறுபடி மெதுவாகத் தொடங்கினோம். தசைகளைக் கரையும் நூலில் கட்டி வெட்டிய பிறகு, விழிக்கோளத்தின் பின்பக்கம் முழுவதையும் பார்த்தோம். கண்ணின் ரத்தத்தை வெளியே கொண்டுபோகும் சுழல் சிரைகள் வெளியேறும் இடங்களில் கறுப்பாக ஏதாவது எட்டிப்பார்க்கிறதா? இல்லை.

இந்த அறுவையில் கையின் பதம் முக்கியம். கண்ணை அழுத்தக்கூடாது, முறுக்கக்கூடாது. சிம்மர்மேனின் கருதுகோளை ஆய்வுகள் தாங்காவிட்டாலும், கட்டி உள்ள கண்ணைப் பிழிய எந்த அறுவை நிபுணருக்கும் மனம் வராது. வளைந்த கத்தரியைப் பின்னால் நுழைத்து, பார்வை நரம்பை உணர்ந்து, ஒரே வெட்டு. பிறகு துணியை வைத்துப் பல நிமிடம் அழுத்திப்பிடிக்க வேண்டும். அந்த நிமிடங்கள் எப்போதும் நீளமாகத்தான் தோன்றும்.

வெற்றுக் குழியில் 20 மில்லிமீட்டர் உருண்டை ஒன்றை வைத்து, தசைகளை அதனோடு இணைத்து, டெனான் உறையை அடுக்கடுக்காக மூடினோம். உருண்டையின் கொள்ளளவு சுமார் 4.2 மில்லி; எடுத்த கண்ணின் கொள்ளளவு ஏழு மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. மீதியைப் பிறகு வைக்கும் செயற்கைக் கண் நிரப்பும். முழுவதையும் உருண்டையே நிரப்பினால் செயற்கைக் கண்ணுக்கு இடம் இருக்காது. உருண்டை சிறிதாகிப்போனால் மேலிமை குழிந்துவிடும். ஏழாவது வாரத்தில் அவருக்குச் செயற்கைக் கண் பொருத்தப்பட்டது.

வீட்டுக்குப் போன பிறகு எடுத்த கண்ணின் பக்கத்தில் நீல நிறப் பொட்டுகள் தெரிவதாகச் சொன்னார். பைத்தியம் என்று நினைத்துவிடுவார்களோ என்று மனைவியிடம்கூட இரண்டு வாரம் சொல்லவில்லையாம். கால் இழந்தவருக்கு இல்லாத காலில் அரிப்பது போல இதுவும் ஒன்று. அறுவைக்கு முன்பே இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது என் தவறு.

ஆணி அடிக்கும்போது சுத்தியல் தள்ளிப் போவது நான்கைந்து மாதம் தொடர்ந்தது. பலகையை நோட்டம் விட இப்போது இடது கண். அதற்காக எதையும் மூட வேண்டியதில்லை என்று அவரே சிரித்தார்.

நுண்ணோக்கியும் மரபணுவும்

நோய்க்குறியியல் அறிக்கையில் நூற்புக் கதிர் போல நீண்ட செல்களும் உருண்டு பெரிதான எபிதீலியாய்டு செல்களும் கலந்திருந்தன. சிலியரிப் பகுதி பாதிக்கப்பட்டிருந்தது. வெண்படலத்துக்கு வெளியே பரவல் இல்லை. கட்டியில் குரோமோசோம் 3-இன் ஒரு பிரதி காணாமல்போயிருந்தது. குரோமோசோம் 8-இன் நீண்ட கை கூடுதலாக இருந்தது. கட்டியை அடக்கிவைக்கும் பிஏபி1 புரதத்துக்கான சாயம் செல்லின் உட்கருவில் ஏறவில்லை. ஜிஎன்ஏ11 மரபணுவில் 209-ஆம் இடத்தில் குளுட்டமினுக்குப் பதில் லியூசின்.

கடைசி வரி முன்கணிப்புக்கு உதவாது. ஆனால் பிறகு பெரிதும் உதவப்போகிறது. மற்ற மூன்றும் கெட்ட செய்தி. குரோமோசோம் 3 இழப்புக்கும் பரவலுக்கும் உள்ள தொடர்பு 1996-இலும், பிஏபி1 இழப்பின் பங்கு 2010-இலும் வெளியாயின. இவை சேர்ந்து இருப்பவருக்குப் பரவும் வாய்ப்பு பாதிக்கும் மேல்.

இதைத் தெரிந்துகொள்ள எல்லோரும் விரும்புவதில்லை. பரவலைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட துணைச் சிகிச்சை இன்று கையில் இல்லாதபோது, தெரிந்து என்ன செய்ய என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களை வற்புறுத்துவதில்லை. இவர், "சொல்லிடுங்க. மரத்துல விரிசல் இருக்குன்னு தெரிஞ்சா வேலையை அதுக்கேத்த மாதிரி போட்டுக்குவேன்" என்றார். சொன்னேன். கட்டியில் பிஏபி1 இல்லை என்பதால் அது குடும்பத்தில் ஓடுகிறது என்று ஆகாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். பிள்ளைகளுக்காக அவரிடம் தனியாக மரபணுச் சோதனை செய்ததில் பிறவியிலேயே வந்த மாற்றம் எதுவும் இல்லை.

குழாயில் எதைத் தேடுகிறோம்

இந்தப் புற்று பரவினால் பத்தில் ஒன்பது பேருக்குக் கல்லீரலுக்குத்தான் போகிறது. கூட்டு ஆய்வில் ஐந்தாண்டில் 25 சதவீதத்தினருக்கும், பத்தாண்டில் 34 சதவீதத்தினருக்கும் பரவல் கண்டறியப்பட்டது. அதன் பிறகும் கோடு சமனாவதில்லை. நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கு 2005 இறுதியில் கண் மெலனோமா தெரியவந்தது. அது கல்லீரலுக்குப் பரவிவிட்டதை அவரே 2015 பிப்ரவரியில் எழுதினார், ஆகஸ்டில் இறந்தார். இடையில் ஒன்பது ஆண்டு. ஆகவே ஐந்தாண்டு தாண்டியதும் கண்காணிப்பை விட்டுவிடுவது சரியில்லை.

எப்படிக் கண்காணிப்பது? பழைய வழி ஆறு மாதத்துக்கு ஒரு முறை கல்லீரல் ரத்தப் பரிசோதனை. எளிது, மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் கூட்டு ஆய்வின் பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, பரவல் இருந்தவர்களில் சுமார் 15 சதவீதத்தினருக்கு மட்டுமே இந்தப் பரிசோதனை முன்கூட்டியே அசாதாரணமாக வந்திருந்தது. நூறில் எண்பத்தைந்து பேர், உள்ளே கட்டி வளர்ந்துகொண்டிருக்கும்போது, 'நார்மல்' என்று அச்சடித்த தாளை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். காரணம் எளியது. கல்லீரலுக்குக் கைவசம் இருப்பு அதிகம். அங்கங்கே ஒரு சென்டிமீட்டர் முடிச்சுகள் நாலைந்து இருந்தாலும் அதன் வேலை தடைபடாது. பித்தக்குழாய் நெருக்கப்படும்போதோ கல்லீரலின் பெரும்பகுதி பிடிக்கப்படும்போதோதான் எண்கள் வரம்பைத் தாண்டும். அப்போது காலம் கடந்திருக்கும்.

அதற்காக இந்தச் சோதனையைத் தூக்கி எறிய வேண்டாம். வாசிக்கும் முறையை மாற்ற வேண்டும். செல்கள் சேதமடைந்தால் ரத்தத்தில் கூடும் நொதி எல்டிஹெச். இவருடைய எல்டிஹெச் எண்களைப் பாருங்கள். அறுவைக்கு முன் 162. ஆறாம் மாதம் 158, பன்னிரண்டில் 171, பதினெட்டில் 166, இருபத்துநான்கில் 187, இருபத்தேழில் 221. ஆய்வகத்தின் மேல்வரம்பு 250. ஒரு தாளிலும் நட்சத்திரக்குறி இல்லை, தடித்த எழுத்து இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் நார்மல். ஆறையும் ஒரே வரிசையில் எழுதினால்தான் கடைசி இரண்டும் கண்ணில் படுகின்றன. மேல்வரம்பு என்பது ஆரோக்கியமான அன்னியர் பலரின் அளவுகளிலிருந்து போட்ட கோடு. இவருடைய வழக்கமான அளவு 165 என்றால், 221 என்பது மூன்றில் ஒரு பங்கு ஏற்றம்.

ஆனாலும் எல்டிஹெச் நம்பகமான சாட்சி இல்லை. ரத்தத்தை மெல்லிய ஊசியில் இழுத்தாலோ, குழாயைக் குலுக்கினாலோ, தாமதமாக ஆய்வகம் சேர்ந்தாலோ, சிவப்பணுக்கள் உடைந்து எண் ஏறிவிடும். அதே பரிசோதனையின் மற்ற நொதிகளில், ஆல்கலைன் பாஸ்படேஸ் எலும்பிலிருந்தும் வரும். ஜிஜிடி மதுவுக்கும் பல மாத்திரைகளுக்கும் ஏறும். ஆகவே ஒரே ஆய்வகம், ஒரே மாதிரி எடுக்கும் முறை, முடிந்தால் ஒரே கை. இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் போக்கை வாசிப்பதென்றால் இதுதான் அடித்தளம்.

புரத மார்க்கர்கள் பலவும் ஆய்வில் உள்ளன: எஸ்100பி, எம்ஐஏ, ஆஸ்டியோபான்டின், ஜிடிஎஃப்-15. பரவல் உள்ளவர்களிடம் சராசரியாக இவை கூடியிருக்கின்றன. சராசரி என்ற சொல்தான் சிக்கல். பரவியவர், பரவாதவர் என்ற இரு கூட்டத்தின் எண்களும் ஒன்றின் மேல் ஒன்று படிந்து கிடக்கும்போது, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி என்ன சொல்வது? ஜிடிஎஃப்-15 வயதானாலும் ஏறும், இதயம் தளர்ந்தாலும் ஏறும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டாலும் ஏறும். இவற்றை ஆய்வுக்காக எடுப்பேன். இவற்றை மட்டும் வைத்து நோயாளியிடம் எதுவும் சொல்லமாட்டேன்.

கட்டியின் டிஎன்ஏ துண்டுகளை ரத்தத்தில் தேடுவது வேறு கதை. இங்கேதான் நோய்க்குறியியல் அறிக்கையில் ஜிஎன்ஏ11 பற்றிய அந்தக் கடைசி வரி உதவுகிறது. பெரும்பாலான புற்றுகளில் ஆளுக்கொரு மரபணு மாற்றம் என்பதால் ஒவ்வொருவருக்கும் தனிச் சோதனை வடிவமைக்க வேண்டும். யூவியல் மெலனோமாவிலோ, பத்தில் எட்டு ஒன்பது பேருக்கு ஜிஎன்ஏகியூ அல்லது ஜிஎன்ஏ11 மரபணுவில் மாற்றம் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி அதே 209-ஆம் இடத்தில். சில எழுத்துமாற்றங்களுக்குத் தயாராக வைத்திருந்தால் போதும். டிஜிட்டல் பிசிஆர் முறையில் மாதிரியைச் சுமார் 20,000 துளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு துளியிலும் மாறிய எழுத்து இருக்கிறதா என்று எண்ணுகிறார்கள். இந்தத் துண்டுகளின் ஆயுள் குறைவு. இரண்டு மணி நேரத்துக்குள் பாதி அழிந்துவிடும். எனவே இன்று கிடைப்பது இன்றைய நிலவரம்.

குறைகளும் உண்டு. இவருக்கு அறுவைக்கு முன் எடுத்த மாதிரியில் ஒரு துண்டுகூடக் கிடைக்கவில்லை. கண்ணுக்குள் அவ்வளவு பெரிய கட்டி உட்கார்ந்திருந்தும்! நோய் கண்ணுக்குள் மட்டும் இருக்கும் பெரும்பாலானோருக்கு இப்படித்தான். ஆகையால் 'காணவில்லை' என்ற விடைக்கு 'இல்லை' என்று பொருள் கொள்ளக்கூடாது. சாதாரணக் குழாயில் எடுத்து மணிக்கணக்கில் வைத்துவிட்டால், வெள்ளணுக்கள் உடைந்து அவற்றின் டிஎன்ஏ கலந்து, தேடும் துண்டு அதில் மூழ்கிவிடும். இன்னொன்று, தீங்கற்ற கண் மச்சத்திலும் இதே மாற்றம் இருக்கிறது. எனவே நோயறிதலுக்கு இது உதவாது. நோய் தெரிந்தவரைக் கண்காணிக்கத்தான் உதவும்.

27-ஆம் மாதம்

24-ஆம் மாத எம்ஆர்ஐயில் கல்லீரல் சுத்தமாக இருந்தது. 27-ஆம் மாத ரத்தத்தில் ஒரு மில்லி பிளாஸ்மாவுக்கு மாறிய டிஎன்ஏவின் இரண்டு பிரதிகள். இரண்டு என்பது தவறாகவும் வரக்கூடிய எண். அவரிடம் அதைச் சொல்லாமல் இருப்பதா சொல்வதா என்று யோசித்தேன், சொன்னேன். நான்கு வாரம் கழித்து மறுபடி எடுத்ததில் ஒன்பது. அதே நாள் எடுத்த கல்லீரல் பரிசோதனை, வழக்கம் போல, நார்மல்.

கல்லீரல் செல்களுக்குள் புகும் சிறப்பு மருந்துடன் எம்ஆர்ஐ எடுத்தோம். மூன்று முடிச்சுகள், பெரியது 9 மில்லிமீட்டர். ஊசிப் பயாப்சி மெலனோமா என்றது. மூன்றுதானே, வெட்டியெடுத்துவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். பொருத்தமானவர்களுக்கு அது பலனும் தரும். ஆனால் இந்த நோய்க்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த ஸ்கேனிலும் தெரியாமல், கடுகு தூவியது போலக் கல்லீரல் முழுக்கப் படர்ந்திருக்கும். அதனால் வயிற்றைத் திறப்பதற்கு முன் லேப்ராஸ்கோப் வைத்துப் பார்க்கும்படி கல்லீரல் அறுவை நிபுணரிடம் கேட்டுக்கொண்டோம். இரண்டு மடல்களின் மேற்பரப்பிலும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கறுப்புப் புள்ளிகள், எண்ண முடியாத அளவுக்கு. கருவிகளை வெளியே எடுத்து, மூன்று சின்னத் தையலோடு முடித்துக்கொண்டார். பெரிய வெட்டு ஒன்றைத் தவிர்த்த அந்த இருபது நிமிடமும் அறுவைச் சிகிச்சையில் சேர்த்திதான்.

திசு வகைச் சோதனையில் எச்எல்ஏ-ஏ 02:01 இருந்தது. அதனால் டெபென்டாஃபஸ்ப் கொடுக்க முடிந்தது. மெலனோமா செல் மேற்பரப்பில் காட்டும் ஜிபி100 துண்டை ஒரு கையாலும், டி செல்லை மறு கையாலும் பிடித்து இரண்டையும் அருகில் கொண்டுவரும் மருந்து இது. 2022-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. 378 பேரில் நடந்த ஆய்வில், ஓராண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் இந்த மருந்தில் 73 சதவீதம், ஒப்பீட்டுப் பிரிவில் 59 சதவீதம். அந்தத் திசு வகை இல்லாதவர்களுக்கு இது பயன்படாது. அவர்களுக்குக் கல்லீரலைத் தனிச் சுற்றோட்டமாகப் பிரித்து மெல்ஃபலான் செலுத்தும் வழி இருக்கிறது. குழாய் வழியே அதைச் செய்யும் கருவிக்கு அங்கே 2023-இல் ஒப்புதல் கிடைத்தது.

வாராவாரம் நரம்பு வழி ஏற்றம். முதல் மூன்று வாரம் 20, 30, 68 மைக்ரோகிராம் என்று படிப்படியாகக் கூட்டி, இரவு முழுக்க வார்டில் வைத்துப் பார்த்தோம். முதல் இரவு காய்ச்சல் 39.2, ரத்த அழுத்தம் சரிந்தது, உடம்பெல்லாம் சிவந்து அரிப்பு. மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அடங்கிவிட்டது.

பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு சிக்கலுக்கு வந்தோம். ஸ்கேனில் பெரிய முடிச்சு 9-இலிருந்து 12 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. மற்ற மருந்தாக இருந்தால் தோல்வி என்று நிறுத்தியிருப்போம். ஆனால் ரத்தத்தில், சிகிச்சை தொடங்கிய நாளில் 31 ஆக இருந்த பிரதிகள் 2-க்கு இறங்கியிருந்தன. இந்த மருந்தின் இரண்டாம் கட்ட ஆய்வில், ஸ்கேனில் கட்டி வளர்ந்ததாகத் தெரிந்தவர்களில்கூட டிஎன்ஏ அளவு இறங்கியவர்கள் அதிக காலம் வாழ்ந்தார்கள் என்று வந்திருக்கிறது. தொடர்வது என்று முடிவெடுத்தோம். மூன்றரை ஆண்டுக் கண்காணிப்பில் ஒரு ரத்த மார்க்கர் சிகிச்சை முடிவை நேரடியாக மாற்றியது இந்த ஓர் இடத்தில்தான்.

மற்ற இடங்களைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. 27-ஆம் மாதத்தில் கண்டுபிடித்ததால் இவர் ஆயுள் நீண்டதா? ஆறு மாதம் முன்னதாகக் கண்டுபிடித்தால், கண்டுபிடித்த நாளிலிருந்து எண்ணும் ஆயுள் ஆறு மாதம் கூடித்தான் தெரியும்; இறக்கும் நாள் நகரவே இல்லை என்றாலும். சின்ன அளவில் பிடித்ததால் உடம்பில் தெம்பு இருக்கும்போதே மருந்தைத் தொடங்க முடிந்தது என்பதுவரை உறுதியாகச் சொல்வேன். அதனால்தான் குழாயை நீட்டுவதற்கு முன் நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: எண் ஏறினால் ஸ்கேன், பயாப்சி, வாராவார மருந்து இவற்றுக்கெல்லாம் வருவீர்களா? வரமாட்டேன் என்பவருக்கு மாதாமாதம் பயத்தை மட்டும் எடுத்துக் கொடுக்க விருப்பமில்லை.

சிகிச்சை தொடங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. முடிச்சுகள் மூன்றும் இருக்கின்றன. பெரியது 11 மில்லிமீட்டர். கடைசி மூன்று மாதிரிகளில் பிரதிகள் 1, 0, 3. மூன்று என்பது ஏற்றமா, துளிகளின் விளையாட்டா என்று பார்க்க நான்கு வாரத்தில் மறுபடி எடுக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் தன் பையிலிருந்து பட்டைப் பென்சிலை எடுத்து, எல்லா எண்களையும் வரிசையாக எழுதிவைத்திருக்கும் நோட்டில் 3 என்று எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டுக்கொண்டார்.